பொர்க்கியு: ஒரு குடிப்பெயரும் திருத்தூதரின் முறையீடும்

புனித பவுல் ஆலய விழா மலருக்கு எழுதும்படி விழாக் குழுவினர் அன்புடன் பணித்தார்கள். திருத்தூதரின் மனமாற்றமும் பயணங்களும் பங்கு மக்கள் அறிந்தவையே. ஆகவே செசரியாவில் அவரை விசாரித்த ஆளுநரின் பெயரை மட்டும் ஆராய விழைகிறேன்.

திருத்தூதர் பணிகள் 24:27 அவரைப் பொர்க்கியு பெஸ்து என்கிறது. பொர்க்கியு என்பது பன்றியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்த குடிப்பெயர். உரோமையர் இதை இழிவாகக் கருதவில்லை. உழவு நூல் எழுதிய வார்ரோ, பன்றியால் பொர்க்கியு, செம்மறியால் ஓவினியு, வெள்ளாட்டால் காப்ரிலியு எனப் பல குடிப்பெயர்களை எடுத்துக்காட்டித் தம் மக்களின் மேய்ச்சல் மரபைப் போற்றுகிறார்.

இக்குடியின் ஊர் உரோமைக்கு அருகிலுள்ள துஸ்குலம். இதில் தலைசிறந்தவர் மூத்த காத்தோ (கி.மு. 234–149). முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள இலத்தீன் உரைநடை நூல்களில் மிகப் பழையது அவருடைய உழவு நூலே. கி.மு. 184இல் அவர் எழுப்பிய பசிலிக்கா பொர்க்கியாவே உரோமையில் நாம் அறியும் முதல் பசிலிக்கா. வழக்கு மன்றமாகவும் வணிகக் கூடமாகவும் இருந்த அவ்வகைக் கட்டட அமைப்பையே பிற்காலத் திருச்சபை தன் பேராலயங்களுக்கு ஏற்றது என்பதை நன்றியோடு நினைக்கிறேன். அவருடைய கொள்ளுப்பேரன் இளைய காத்தோ. அவர் மகள் பொர்க்கியா, புரூட்டசின் மனைவி.

என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவை இக்குடியின் பெயர் தாங்கிய பொர்க்கியச் சட்டங்கள். உரோமைக் குடிமகனைச் சாட்டையால் அடிப்பதைத் தடுத்து, அதிகாரியின் தண்டனையை எதிர்த்து முறையிடும் உரிமையை அவை வலுப்படுத்தின. கி.மு. 110 வாக்கில் பொர்க்கியு லேக்கா வெளியிட்ட வெள்ளிக் காசில், ஓங்கிய அதிகாரத்தின் முன் ஒரு குடிமகன் நிற்கிறான். கீழே, முறையிடுகிறேன் என்னும் பொருளில் ஒரே சொல்.

எருசலேமில் தம்மைச் சாட்டையால் அடிக்க வாரால் கட்டியபோது, உரோமைக் குடிமகனான பவுல் நூற்றுவர் தலைவரிடம் கேட்ட கேள்வி (22:25) இந்த உரிமையில் வேரூன்றியது. பின்னர், ஏறத்தாழ கி.பி. 60இல், அதே குடிப்பெயர் தாங்கிய ஆளுநர் முன்னிலையில் அவர் சீசரிடம் முறையிட்டார் (25:11). பன்றியைத் தீட்டென விலக்கும் திருச்சட்டத்தில் வளர்ந்தவரை, பன்றியின் பெயர் பூண்ட குடியாரின் சட்டமே காத்தது! இறைவனின் திருவுளம் வியப்புக்குரியது.

பெஸ்து பதவியிலிருக்கும்போதே இறந்தார். அடுத்த ஆளுநர் வந்துசேரும் முன்னே, கி.பி. 62இல், ஆண்டவரின் சகோதரர் யாக்கோபு கல்லெறிந்து கொல்லப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதிவைத்துள்ளார்.

இவ்விழா நாள்களில் ஒவ்வொரு குடும்பமும் திருத்தூதர் பணிகள் 22, 25 ஆகிய அதிகாரங்களைச் சேர்த்து வாசிக்குமாறு வேண்டுகிறேன்.