தேர்தலில் அயல்நாட்டு ஊடுருவல்: 2016 அமெரிக்கத் தேர்தலும் அதன் பின்விளைவும்

அயல்நாட்டுத் தேர்தல் தலையீடு என்பது ஒரு நாட்டின் தேர்தலில் இன்னொரு நாட்டின் அரசு மறைவாகக் கை வைப்பது. வேண்டிய கட்சிக்குப் பணம் தருவதும் பத்திரிகைகளில் கட்டுக்கதை பரப்புவதும் பழைய வழிகள். கட்சிக்காரர்களின் கணினிக்குள் புகுந்து கடிதங்களைத் திருடி, வாக்குப்பதிவு நெருங்கும் நேரத்தில் ஊரறிய அவிழ்த்துவிடுவது புதிய வழி. ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டனும் குடியரசுக் கட்சியின் டொனால்ட் டிரம்பும் மோதிய 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில்தான் இது உலகமே பேசும் பொருளானது. ‘ரஷ்யா தலையிட்டதா, இல்லையா’ என்று ஒற்றைக் கேள்வியாகவே பேசப்பட்டாலும், பிரித்துப் பார்த்தால் உள்ளே நான்கு கேள்விகள் இருக்கின்றன. திருடியது யார்? வாக்குகளில் கை வைக்கப்பட்டதா? முடிவு மாறியதா? டிரம்ப் தரப்பு உடந்தையா? இந்த நான்குக்கும் விடை ஒன்றல்ல, சான்றுகளின் பலமும் ஒன்றல்ல. ஆனால் இரு கட்சிகளும் தமக்குத் தோதான ஒரு விடையைப் பிடித்துக்கொண்டு, மற்ற மூன்றுக்கும் அதையே விடையாக்கின. விவாதம் இன்னும் தீராமலிருப்பதற்கு ரஷ்யர்களைவிட இந்தப் பழக்கமே பெரிய காரணம்.

முதல் கேள்விக்குச் சான்று வலுவாக இருக்கிறது. 2016 மார்ச் 19 அன்று கிளின்டனின் பிரச்சாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்குக் கூகுள் அனுப்பியதைப் போலவே ஒரு மின்னஞ்சல் வந்தது. உக்ரைனிலிருந்து யாரோ உங்கள் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே நுழையப் பார்த்தார்கள், உடனே மாற்றுங்கள் என்று சொல்லி, கீழே அழுத்த ஒரு பொத்தானும் வைத்திருந்தார்கள். சந்தேகம் வந்து கணினிப் பிரிவிடம் கேட்டபோது, அங்கிருந்த ஊழியர் ‘இது முறையான மின்னஞ்சல்தான்’ என்று பதில் எழுதினார். ‘முறையற்றது’ என்று எழுத நினைத்துக் கை தவறிவிட்டது என்பது அவர் பிற்பாடு சொன்ன விளக்கம். கடவுச்சொல்லை மாற்றக் கூகுளின் சரியான முகவரியையும் அவர் அதே பதிலில் தந்திருந்தார், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுக்கொள்ளவும் சொல்லியிருந்தார். ஆனால் அழுத்தப்பட்டது வந்த மின்னஞ்சலில் இருந்த பொத்தான். 50,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் அந்த வழியாகப் போயின. ஜனநாயகக் கட்சியின் தேசியக் குழு அலுவலகத்தில் நடந்ததும் இதற்குச் சளைத்ததல்ல. உங்கள் கணினிகளில் யாரோ புகுந்திருக்கிறார்கள் என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 2015 செப்டம்பரிலேயே தொலைபேசியில் எச்சரித்தது. பேசுவது உண்மையிலேயே எஃப்.பி.ஐ.தானா என்று எடுத்தவருக்கு நிச்சயமில்லை, எச்சரிக்கை அங்கேயே தேங்கியது. அடுத்த வசந்தத்தில் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கை அழைத்தபோதுதான் ஒன்றல்ல, இரண்டு ரஷ்யக் கூட்டங்கள் தனித்தனியே உள்ளே இருந்தது தெரிந்தது.

அந்த நிறுவனம் சொன்னதை மட்டும் நம்பித்தானே ரஷ்யா மீது பழி போட்டார்கள், எஃப்.பி.ஐ. அந்த சர்வர்களைக் கைப்பற்றவே இல்லையே என்பது இன்றுவரை கேட்கும் ஆட்சேபம். சர்வர்களை எடுத்துப் போகவில்லை என்பது சரி, அவற்றின் முழு நகல்களையே எஃப்.பி.ஐ. வாங்கிக்கொண்டது. ஆனால் வழக்கு அந்த சர்வர்களின் மேல் நிற்கவில்லை. ரஷ்யத் தலையீட்டை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் முல்லர் 2018 ஜூலை 13 அன்று ரஷ்ய ராணுவ உளவு அமைப்பான ஜி.ஆர்.யு.வின் 12 அதிகாரிகள் மீது தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையைப் படித்தால் இது புரியும். 2016 ஜூன் 15 அன்று ‘குசிஃபர் 2.0’ என்ற பெயரில் ஒருவர் தோன்றி, கட்சி அலுவலகத்தில் திருடியது தான்தான், தான் தனியாள் என்று வலைப்பதிவு எழுதினார். மாஸ்கோ நேரப்படி அது வெளியானது மாலை 7.02 மணிக்கு. அதே நாள் மாலை 4.19 முதல் 4.56 வரை, ஜி.ஆர்.யு.வின் 74455ஆம் பிரிவு நடத்திய மாஸ்கோ சர்வர் ஒன்றில் சில ஆங்கிலச் சொற்றொடர்கள் தேடப்பட்டிருந்தன. தேடிய சொற்றொடர்கள்தான் மூன்று மணி நேரத்தில் அந்தப் பதிவில் வந்து உட்கார்ந்தன. ஆங்கிலம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள் போலும். சர்வர் வாடகைக்கும் இணைய முகவரிக்கும் கொடுத்த பிட்காயின் தடமும் ஒரே மடியிலிருந்தே கிளம்பியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ரஷ்யாவில் இருப்பதால் இவை எதுவும் குறுக்கு விசாரணைக்கு உட்படவில்லை என்பது நியாயமான குறை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குடியரசுக் கட்சியினர் பெரும்பான்மையாக இருந்த செனட் உளவுக் குழு, ஐந்து தொகுதிகளாக எழுதிய அறிக்கையில் இதே முடிவுக்கு வந்தது. டிரம்பைக் கவிழ்க்கச் சதி என்ற விளக்கம் அந்தக் குழுவுக்குப் பொருந்தாது.

இரண்டாம் கேள்வியில் நிலைமை தலைகீழாகிறது. ரஷ்யர்கள் பல மாநிலங்களின் தேர்தல் கணினிகளைத் தட்டிப் பார்த்தார்கள். இல்லினாய் மாநிலத்தில் உள்ளேயே புகுந்து, முல்லர் கணக்குப்படி சுமார் 5 லட்சம் வாக்காளர்களின் விவரங்களை எடுத்தார்கள். ஆனால் ஒரு வாக்காவது மாற்றப்பட்டதற்கு, ஒரு பெயராவது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதற்குச் சான்று இல்லை. இருந்தும் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களில் கணிசமானோர் வாக்கு எண்ணிக்கையிலேயே ரஷ்யா விளையாடியதாக நம்பினார்கள். ‘தேர்தலை ஹேக் செய்தார்கள்’ என்று தலைவர்களும் தொலைக்காட்சிகளும் சொல்லிச் சொல்லி வந்த வினை இது. கட்சி அலுவலகத்தின் அஞ்சல்பெட்டி உடைக்கப்பட்டது வேறு, வாக்குப்பெட்டி உடைக்கப்படுவது வேறு.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. 2016 ஜூலை 22 அன்று, பிலடெல்பியாவில் கட்சி மாநாடு தொடங்க மூன்று நாள் இருக்கையில், கசிந்த ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளம், தேசியக் குழுவிடம் திருடப்பட்ட ஏறக்குறைய 20,000 மின்னஞ்சல்களை வெளியிட்டது. குழுவில் இருந்தோர் கட்சி வேட்பாளர் போட்டியில் இருந்த பெர்னி சாண்டர்ஸை ஒதுக்கி கிளின்டன் பக்கம் சாய்ந்திருந்தது அதில் தெரிந்தது. தலைவர் டெபி வாசர்மன் ஷூல்ட்ஸ் பதவி விலக வேண்டியதாயிற்று. அக்டோபர் 7 அன்று பெண்களைப் பற்றி டிரம்ப் ஆபாசமாகப் பேசிய பழைய ஒளிப்பதிவு வெளியானது. ஒரு மணி நேரத்துக்குள் பொடெஸ்டாவின் கடிதங்களில் முதல் கட்டை விக்கிலீக்ஸ் அவிழ்த்தது. அன்றைக்கே அமெரிக்க அரசு ரஷ்யாவைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியிருந்தது. அந்த அறிக்கை இரண்டு செய்திகளுக்கும் நடுவில் அமுங்கிப்போனது. இரண்டு நாள் கழித்து நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் கிளின்டனிடம் கேட்ட கேள்வி ஒன்று அந்தத் திருட்டுக் கடிதங்களிலிருந்து எடுத்தது. தேர்தலில் அவர் நாடு முழுவதும் சுமார் 29 லட்சம் வாக்கு கூடுதலாகப் பெற்றும், வெற்றியைத் தீர்மானித்த மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து 78,000க்கும் குறைவான வாக்கில் தோற்றார். இவ்வளவு சிறிய இடைவெளியில் எதை வேண்டுமானாலும் காரணம் என்று சொல்லலாம்: மிச்சிகனையும் விஸ்கான்சினையும் அவர் கவனிக்காமல் விட்டதை, கடைசி நாட்களில் எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி கிளின்டன் மீதான விசாரணை பற்றி எழுதிய கடிதத்தை, ரஷ்யாவை.

ஆய்வாளர்களும் ஒத்துப்போகவில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் கேத்லீன் ஹால் ஜேமீசன், திருட்டுக் கடிதங்கள் செய்திகளின் போக்கையே திருப்பியதால் முடிவை மாற்றியிருக்க வாய்ப்பு அதிகம் என்று 2018இல் எழுதிய நூலில் வாதிட்டார். 2023இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வோ, ட்விட்டரில் ரஷ்யக் கணக்குகளின் பதிவுகளில் 70 விழுக்காடு வெறும் 1 விழுக்காட்டுப் பயனர்களிடமே போய்ச் சேர்ந்தது, அவர்கள் ஏற்கெனவே குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள், மனமாற்றத்துக்கு அறிகுறியே இல்லை என்றது. இரண்டும் முரண்படுவதாகத் தோன்றும். கவனித்தால், ஒன்று திருட்டுக் கடிதங்களைப் பற்றியது, மற்றது சமூக ஊடகப் பிரச்சாரத்தைப் பற்றியது. இந்தப் பிரச்சாரம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் சவுஷ்கினா தெரு 55ஆம் எண் கட்டடத்தில் இயங்கிய இணைய ஆய்வு முகமை என்ற நிறுவனத்தின் வேலை. 12.6 கோடிப் பேரின் கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் சொன்ன எண் ஊரை அதிரவைத்தது. இரண்டு ஆண்டில் ஒரு முறை திரையில் ஓடி மறைந்திருந்தாலும் அந்தக் கணக்கில் சேரும். விளம்பரத்துக்குச் செலவழிந்தது சுமார் 1 லட்சம் டாலர். அமெரிக்கத் தேர்தல் செலவில் இது கொசுறு. ஆனால் இவர்கள் சாமர்த்தியத்தைக் குறைத்து எடைபோடவும் கூடாது. 2016 மே 21 அன்று ஹூஸ்டனில் ஓர் இஸ்லாமிய மையத்தின் முன் இரண்டு கூட்டங்கள் எதிரெதிரே நின்று கத்தின. இஸ்லாமியமயத்தை எதிர்த்து ஒரு ஃபேஸ்புக் பக்கமும், இஸ்லாமிய அறிவைக் காக்க இன்னொரு பக்கமும் ஆள் திரட்டியிருந்தன. இரண்டையும் நடத்தியது சவுஷ்கினா தெரு. செலவு சுமார் 200 டாலர். வந்து நின்றவர்கள் மட்டும் அசல் டெக்சாஸ்காரர்கள்.

ஆகவே முடிவு மாறியது என்று நிரூபிக்க முடியாது, மாறவில்லை என்றும் நிரூபிக்க முடியாது. ‘நிரூபணம் இல்லையே, பிறகென்ன தலையீடு’ என்பது இதிலிருந்து வராது. வீடு புகுந்தவன் நகை இல்லாமல் திரும்பினாலும் புகுந்தது குற்றமே. வெளியான கடிதங்கள் உண்மையானவை, மக்கள் அறிய வேண்டியவை, திருடியவன் யாராயிருந்தால் என்ன என்று கேட்போருக்கு இன்னும் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். சாண்டர்ஸ் ஆதரவாளர்களுக்கு அந்தக் கடிதங்கள் தெரிய வேண்டியவைதான். ஆனால் ஒரு கட்சியின் பெட்டியை மட்டும் திறந்து, எதை, எந்த நாளில் காட்டுவது என்பதை மாஸ்கோவில் உட்கார்ந்து ஒருவர் தீர்மானித்தால், அமெரிக்கப் பத்திரிகைகளுக்கெல்லாம் அவரே ஆசிரியர் ஆகிவிடுகிறார். எதிர்த்தரப்பின் கடிதங்களையும் யாராவது அப்படித் திறந்திருந்தால் அங்கே என்ன இருந்திருக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

நான்காம் கேள்வி ஜனநாயகக் கட்சிக்காரர்களின் வாயை அடைத்தது. ரஷ்யா தலையிட்டது, டிரம்ப் குழு அதில் ஆதாயம் எதிர்பார்த்தது, ஆனால் இரு தரப்பும் கூடிச் சதி செய்ததாக நிறுவ முடியவில்லை என்றது 2019 ஏப்ரலில் வெளியான முல்லர் அறிக்கை. டிரம்பின் பிரச்சாரத்தை நடத்திய பால் மனஃபோர்ட் தமது கருத்துக்கணிப்புத் தகவல்களை கான்ஸ்டன்டின் கிலிம்னிக் என்பவருக்குக் கொடுத்தார், கிலிம்னிக் ரஷ்ய உளவு அதிகாரி என்றது செனட் குழு. அது அற்பமானதில்லை. ஆனால் டிரம்பின் எதிரிகள் மூன்றாண்டு தூக்கிச் சுமந்தது டிரம்பின் ரஷ்யத் தொடர்புகள் பற்றிய ஸ்டீல் கோப்பு என்ற, பெரும்பாலும் சரிபார்க்க முடியாத வதந்தித் தொகுப்பை. அது சரிந்தபோது சரியாக நின்ற பகுதியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. ‘ரஷ்யப் புரளி’ என்ற இரண்டு சொல்லில் ஜி.ஆர்.யு.வின் திருட்டும் அடங்கிப்போனது.

அமெரிக்கா செய்யாததையா ரஷ்யா செய்துவிட்டது என்ற கேள்வியில் உண்மை இருக்கிறது. அரசியலறிஞர் டோவ் லெவின் கணக்குப்படி 1946 முதல் 2000 வரை இரு வல்லரசுகளும் 117 தேர்தல்களில் தலையிட்டன, அவற்றில் 81 அமெரிக்காவின் கைவரிசை. 1948 இத்தாலித் தேர்தலில் கம்யூனிஸ்டுகளைத் தோற்கடிக்க சி.ஐ.ஏ. பணம் இறைத்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்று இதைச் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் உபதேசம் செய்பவன் யோக்கியன் இல்லை என்பதால் நடந்தது நடக்காததாகிவிடாது. பன்னாட்டுச் சட்டமும் இதில் பெரிதாக உதவாது. 1986 நிகராகுவா வழக்கில் பன்னாட்டு நீதிமன்றம் சட்டவிரோதத் தலையீட்டுக்கு அடையாளம் வற்புறுத்தல் என்றது. உண்மையான கடிதத்தைப் படிக்கக் கொடுப்பது வற்புறுத்தலா என்பதில் சட்ட வல்லுநர்கள் ஒருமனதாக இல்லை.

2016இல் சூடுபட்டவர்கள் 2020இல் பச்சைத் தண்ணீரைக் கண்டும் ஒதுங்கினார்கள். ஜோ பைடனின் மகனுடைய மடிக்கணினியிலிருந்த தகவல்களை நியூயார்க் போஸ்ட் வெளியிட்டபோது, முன்னாள் உளவு அதிகாரிகள் 51 பேர் இதில் ரஷ்யக் கைவரிசையின் அடையாளங்கள் தெரிகின்றன என்று கடிதம் எழுதினார்கள். தங்களிடம் சான்று இல்லை என்று அவர்களே அதில் ஒப்புக்கொண்டிருந்தாலும், அந்த வரி யார் காதிலும் விழவில்லை. ட்விட்டர் அந்தச் செய்தியின் இணைப்பையே தடுத்தது. மடிக்கணினி உண்மையானதுதான் என்று பின்னால் தெரிந்தது. அயல்நாட்டுச் சதி என்ற முத்திரை சங்கடமான செய்திக்கு மூடியாகவும் பயன்படும் என்பதை அந்த வாரம் காட்டியது. ருமேனியா இன்னும் தூரம் போனது. 2024 நவம்பரில் அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் கலின் ஜார்ஜெஸ்கு முந்தினார். டிக்டாக்கில் அவருக்காகத் திட்டமிட்ட கணக்குகள் ஓடின என்ற உளவுக் குறிப்புகளை வைத்து, டிசம்பர் 6 அன்று அரசியல் சாசன நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. அயல்நாட்டு அரசின் கை நேரடியாகத் தெரியும் அளவுக்கு அந்தக் குறிப்புகளில் எதுவும் இல்லை. பிரான்ஸ் நேர்மாறாக நிதானம் காட்டியது. 2017இல் அதிபர் வேட்பாளர் மக்ரோன் குழுவின் மின்னஞ்சல்கள் வாக்குப்பதிவுக்கு முந்தைய பிரச்சார ஓய்வு தொடங்கும் தறுவாயில் கொட்டப்பட்டன. தேர்தல் கண்காணிப்பு ஆணையம் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள, பத்திரிகைகள் பொறுத்தன, மக்ரோன் பெரும் வித்தியாசத்தில் வென்றார். அந்த வேலை ஜி.ஆர்.யு.வினுடையது என்று பிரெஞ்சு அரசு பகிரங்கமாகச் சொன்னது 2025 ஏப்ரலில்.

2016 அக்டோபரில் விக்கிலீக்ஸை நேசிப்பதாக மேடையில் முழங்கியவர் டிரம்ப். 2024 கோடையில் திருட்டு அவருடைய குழுவிலேயே நடந்தது, செய்தது ஈரான். துணை அதிபர் வேட்பாளர் ஜே.டி. வான்ஸ் பற்றி டிரம்ப் குழு தயாரித்த 271 பக்கக் கோப்பு பொலிடிகோ, நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் மூன்றுக்கும் போய்ச் சேர்ந்தது. இதை வெளியிடும் ஊடகம் அமெரிக்காவின் எதிரிகளுக்கு ஏவல் செய்கிறது என்று டிரம்ப் தரப்பு எச்சரித்தது. மூன்று பத்திரிகைகளும் திருட்டைச் செய்தியாக்கிவிட்டுக் கோப்பை வெளியிடாமல் வைத்துக்கொண்டன. எட்டு ஆண்டு முன்பு பொடெஸ்டாவின் கடிதங்களை வரிவரியாகப் பிரித்துப் போட்டவர்களும் இவர்களே. செப்டம்பரில் ஒரு சுதந்திரப் பத்திரிகையாளர் அந்தக் கோப்பை வெளியிட்டார். ட்விட்டரை வாங்கி எக்ஸ் என்று பெயர் மாற்றியிருந்த எலான் மஸ்க், மடிக்கணினிச் செய்தியைத் தடுத்த பழைய நிர்வாகத்தைக் கருத்துரிமைக்கு எதிரி என்று சாடியவர். கோப்பில் இருந்த தனிநபர் விவரங்களைக் காரணம் காட்டி எக்ஸ் தளம் அந்தப் பத்திரிகையாளரின் கணக்கை முடக்கியது, கோப்பின் இணைப்பையும் தடுத்தது.