மண் பார்த்த குறிப்புகள்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் பக்தருக்கு ராமானுஜர், தொழில்துறையினருக்கு இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும். நிலவியல் படித்தவருக்கு அது ஒரு பாறை அடுக்கின் பெயர். டைனோசர் காலத்துச் சேறு இறுகி உண்டான ஷேல் அதில் உண்டு. சைக்கஸை ஒத்த செடிகளின் இலைத்தடங்கள் அதில் பதிந்திருக்கும். காய்ந்த ஷேல் தகடு தகடாக உரியும், நீரில் ஊறினால் குழையும்.

சுரங்க ரயில் போடுகிறவனுக்கு இப்படி நிலம் இடத்துக்கு இடம் மாறுவதுதான் தலைவலி. சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்தில் அதிகம் சோதித்தது அண்ணா சாலை. அங்கே அடியில் சார்னோகைட், மேலே மணலும் களியும். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பல்லாவரம் பக்கத்துக் கல் போனது, அதை வைத்துத்தான் 1893-இல் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்குப் பெயரிட்டார். நம் ஊர்க் கல்லுக்கு வெள்ளைக்காரன் பெயர்!)

சுரங்கம் துளைக்கும் டி.பி.எம். இயந்திரம் முன்னால் உள்ள மண்ணையும் நீரையும், தான் வெட்டிய மண்ணைக் கொண்டே தாங்கி நிற்கிறது. வெட்டிய மண், வெட்டும் தலைக்குப் பின்னுள்ள அறையில் நிறைந்திருக்கும். திருகு கன்வேயர் அதை அளவாக வெளியே இழுக்கும். உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாக இருக்கும் வரை மேலே சாலை அசையாது. வெட்டு முகத்தின் கீழ்ப்பாதி கல்லாகவும் மேல்பாதி மணலாகவும் இருந்தால் கணக்கு கெடுகிறது. கல் விட்டுக்கொடுக்காமல் வேகம் குறைகிறது, கட்டர்கள் தேய்கின்றன. மணலோ காத்திருக்காது, சரிந்து திருகின் வழியே போய்க்கொண்டே இருக்கும். தலைக்கு மேல் ஒரு பொந்து உருவாகிவிடும். 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில் சர்ச் பார்க் அருகே தரை உள்வாங்கி ஒரு மாநகரப் பேருந்தும் காரும் பள்ளத்தில் இறங்கியதை நாம் மறக்கவில்லை. அந்தத் தடத்தில் வண்ணாரப்பேட்டை வரை ரயில் ஓடத் தொடங்கியது 2019 பிப்ரவரி 10-இல்.

நிலையங்கள் வேறு வகைத் தொல்லை. டயஃப்ரம் சுவரை முதலில் இறக்கி, மேல்தளத்தைப் போட்டு, பிறகு கீழே தோண்டிப் போக வேண்டும். சென்ட்ரலில் இரண்டு தடங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செல்வதால் ஆழமும் கூடியது.

இவ்வளவுக்கும் முன்பே போர் (ஆழ்துளை) போட்டு மண் பார்த்துத்தான் இறங்கினார்கள். ஆனால் இரண்டு போர்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பது ஊகம்தான். போர்கள் நெருங்க நெருங்க ஊகம் குறையும்.

நம் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிக்கு வரும் மெட்ரோ, பூந்தமல்லியிலிருந்து சுங்குவார்சத்திரம் வரை, உயர்பாதையாகவே திட்டமிடப்பட்டிருக்கிறது. ஏரிகளும் ஷேலும் உள்ள இந்த நிலத்துக்கு அதுவே சரி என்பது என் கருத்து. ஆனால் உயர்பாதையின் தூணுக்கும் பைல் இறக்க வேண்டும். பைலும் இதே மண்ணில்தான் நிற்கும். இங்குள்ள பெரிய ஆலைகள் எல்லாம் அடித்தளம் போடுமுன் போர் போட்டு மண் பார்த்தவை. எந்த ஆழத்தில் என்ன மண் என்று குறித்த அந்தப் போர்லாக் தாள்கள் அந்தந்த ஆலையின் பழைய கோப்புகளில் முடங்கிக் கிடக்கக் கூடாது. இந்த மலரைப் படிக்கும் ஆலைப் பொறியாளர்கள் தங்கள் ஆலையின் போர்லாக்கை ஒரு பிரதி எடுத்து, மெட்ரோவுக்கும் நிலவியல் துறைக்கும் அனுப்பி வைக்க வேண்டுகிறேன்.