குணமானது எப்போது? ஹெபடைடிஸ் பி ஆய்வுத் திட்டமிடலும் சென்னைக் கீழாநெல்லி சோதனையும்

சுவாமிமலையைச் சுற்றியுள்ள ஊர்களில் கண் மஞ்சளித்தால் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். வரப்பிலும் வெற்றிலைக் கொடிக்கால் ஓரத்திலும் ஈரம் உள்ளவரை தானாக முளைக்கும் பூண்டு அது. வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அம்மியில் மைய அரைத்து, ஒரு நெல்லிக்காய் அளவு உருண்டையை மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பு, புளி, எண்ணெய் தள்ளிப் பத்தியம். பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஆனால் தண்ணீர் வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலும் தாமாகவே அடங்குபவை. பச்சிலை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தேறியிருப்பார்கள். பி வகை அப்படியல்ல. ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகத் தொற்றி, பலரிடம் கண் மஞ்சளிக்காமலேயே பல பத்தாண்டுகள் தங்கி, கல்லீரல் சுருக்கத்திலோ புற்றுநோயிலோ கொண்டுபோய் விடக்கூடியது. ஆகவே ஊர் அனுபவத்தில் கீழாநெல்லி பெற்ற பெயர் பி வகைக்குச் சாட்சியாகாது.

சாட்சி தேடிய ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது, பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. செடி தோற்றது என்று பலரும் கதையை முடித்துவிடுகிறார்கள். செடியைப் பற்றி உறுதியாக ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் வலு முதல் சோதனையின் திட்டத்துக்கே இருக்கவில்லை என்பது என் வாதம்.

1982இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும், கீழாநெல்லி, கரிசலாங்கண்ணிச் சாறுகள் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜெனைச் சோதனைக்குழாயில் செயலிழக்கச் செய்வதாக வெளியிட்டனர். அந்த ஆன்டிஜெனைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க், பிலடெல்பியாவிலிருந்து இதில் இணைந்தார். 1988 அக்டோபரில் ‘தி லான்செட்’ இதழில், தொற்றாளர்களிடம் நடத்திய சோதனையின் முடிவு வந்தது. 200 மில்லிகிராம் செடிப்பொடி, நாளுக்கு மூன்று வேளை, 30 நாட்கள். மருந்து முடிந்து 15 முதல் 20 நாட்களில் பரிசோதித்தபோது 37 பேரில் 22 பேரிடம், அதாவது 59 விழுக்காட்டினரிடம், ஆன்டிஜென் இல்லை. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்திருந்தது.

அந்த ஒருவரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நீண்டகாலத் தொற்றாளர்களிடம் ஆன்டிஜென் தானாக மறைவது ஆண்டுக்குச் சுமார் ஒரு விழுக்காடுதான். இரண்டே மாதங்களுக்குள் 23 பேரில் ஒருவர் என்பது தற்செயலாக இருக்கலாம். அண்மையில் தொற்றியவர்களும் பட்டியலில் கலந்திருந்ததற்கு அடையாளமாகவும் இருக்கலாம். பச்சிளம் வயதில் தொற்றினால் ஏறக்குறைய 90 விழுக்காட்டினரிடம் நோய் நிலைத்துவிடும்; நலமான பெரியவருக்குத் தொற்றினால் நிலைப்பது 5 விழுக்காட்டுக்கும் குறைவு. எப்போது தொற்றியது என்று தெரியாமல் குணத்தை மருந்தின் கணக்கில் எழுத முடியாது. இதற்கான எச்சரிக்கை ஓராண்டுக்கு முன்பே கையில் இருந்தது. 1987இல் பிளம்பர்க் குழுவினர், இதையொத்த வைரஸ் தொற்றும் ‘வுட்சக்’ என்னும் வட அமெரிக்க விலங்கில் செய்த ஆய்வில், புதிதாகத் தொற்றிய நான்கில் மூன்று விலங்குகள் வைரஸ் அடையாளங்களை முற்றாக இழந்தன; நாட்பட்ட தொற்றுள்ள ஆறில் ஐந்தில் ஆன்டிஜென் அளவு வேகமாக இறங்கியது, அவ்வளவே. மனிதர்களைப் பிரிக்கும்போது இந்த வேறுபாட்டுக்கே முதலிடம் தந்திருக்க வேண்டும். இரு பிரிவுகளின் எண்ணிக்கை 37, 23 என்று ஏறுமாறாக நிற்பதும் உறுத்துகிறது.

பிறகு வந்த மறுசோதனைகள் கடுமையானவை. 1990இல் தாய்லாந்திலும், 1994இல் இந்தியாவிலேயே நடந்த இரு கட்டச் சோதனையிலும், அதே ஆண்டு நியூசிலாந்திலும் ஆன்டிஜென் அகலவில்லை. 2011இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வும் வெற்று மருந்தைவிட மேலானது என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை என்றது. முப்பது நாள் செடிப்பொடி நாட்பட்ட ஹெபடைடிஸ் பி-யைக் குணப்படுத்தாது. இதில் இனி வழவழா பேச்சுக்கு இடமில்லை.

எந்தச் செடி என்பதிலும் குழப்பம் இருந்தது. இந்தியத் தாவர நூல்கள் ஃபில்லாந்தஸ் நிருரி என்று குறித்ததில் அமாரஸ், ஃபிரட்டெர்னஸ், டெபிலிஸ் என மூன்று இனங்கள் கலந்திருந்ததை 1985இல் மித்ராவும் ஜெயினும் காட்டினர். 1987 கட்டுரைத் தலைப்பில் நிருரி, 1988 தலைப்பில் அமாரஸ். 1995இல் சீனாவில் வெவ்வேறு இடத்து மூன்று இனங்களை ஒப்பிட்டபோது, வைரஸ் பெருகுவதைக் காட்டும் ஈ-ஆன்டிஜென் மீது அவற்றின் விளைவு ஒன்றுபோல் இல்லை. மேற்பரப்பு ஆன்டிஜெனையோ ஒருவரும் இழக்கவில்லை.

ஆன்டிஜெனுக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதை வைரஸின் இயல்பு விளக்குகிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருச்செய்து, மேலே காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் ஊற்றி, ஆறியதும் மண் அச்சை உடைத்துவிடுவார்கள். ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். கல்லீரல் உயிரணுவின் உட்கருவுக்குள் இந்த வைரஸ் வைக்கும் வளைய டிஎன்ஏ உடையாத அச்சு. டெனோஃபோவிர், என்டகாவிர் மாத்திரைகள் புதுப் பிரதிகளைத் தடுக்குமே தவிர அச்சைத் தொடுவதில்லை. போதாததற்கு, வைரஸ் டிஎன்ஏ-வின் துண்டுகள் நம் குரோமோசோமிலேயே செருகிக்கொண்டு ஆன்டிஜெனைத் தனியே உற்பத்தி செய்கின்றன. ஆக, 1988இல் அளந்த அந்த ஒற்றை அளவு எந்த ஊற்றிலிருந்து வந்தது என்பதையே சொல்லாது.

சிகிச்சையை நிறுத்தி ஆறு மாதங்கள் கழிந்தும் ஆன்டிஜெனும் வைரஸ் டிஎன்ஏ-வும் ரத்தத்தில் தென்படாதிருப்பதே இன்று ‘செயல்வழிக் குணம்’ எனப்படுகிறது. அச்சையே ஒழிப்பது அதற்கும் மேற்பட்ட, இன்னும் எட்டாத இலக்கு. 2022இல் வெளியான பெபிரோவிர்சன் ஊசியின் இரண்டாம் கட்டச் சோதனையில், சிறந்த பிரிவுகளில் மருந்து முடிந்து 24 வாரங்களுக்குப் பின்னும் அந்தக் குணம் நிலைத்தவர்கள் 9 முதல் 10 விழுக்காடு. தொடக்கத்தில் ஆன்டிஜென் குறைவாக இருந்தவர்களே அதிகம் பயன்பெற்றனர். முப்பத்து நான்கு ஆண்டு இடைவெளியில் 59 என்பது 10 ஆகச் சுருங்கிவிட்டதே என்று தோன்றலாம். நான் பின்னதையே பெரிய முன்னேற்றமாகக் கொள்கிறேன், ஏனெனில் அந்தப் பத்து நின்று நிலைத்ததா என்று பார்த்து எண்ணிய பத்து.

உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி இந்தியாவில் 2022இல் ஏறத்தாழ 2.98 கோடிப் பேர் ஹெபடைடிஸ் பி-யுடன் வாழ்ந்தனர். உலகச் சுமையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். குணம் தேடும் சோதனைகள் இவர்களை எட்ட வேண்டுமானால் மருந்துக்கு முன்பாக ஆட்களின் தொடர்பதிவு வேண்டும். காவிரி டெல்டாவில் இது கைகூடக்கூடியது. 2018இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அதன்வழி கண்டறியப்படுவோரின் தாய்க்குத் தொற்று உண்டா, ஈ-ஆன்டிஜென் நிலை, டிஎன்ஏ அளவு, மேற்பரப்பு ஆன்டிஜென் அளவு, வைரஸின் மரபு வகை ஆகியவற்றைக் கும்பகோணம், தஞ்சாவூர் அரசு மருத்துவமனைகள் ஒரே படிவத்தில் எழுதி, ஆண்டுதோறும் சீரம் சேமித்தால் ஐந்தாண்டுகளில் எந்தச் சோதனைக்கும் உரைகல் தயார். நோயாளியின் நிலையை வரைபடத்தோடு ஏட்டில் பதியும் வழக்கம் சரபோஜி காலத்துக் கண் மருத்துவக் குறிப்புகளிலேயே இருந்தது. தஞ்சைக்கு இது புதுப்பழக்கமல்ல.

செடியை மறுபடி சோதிக்க விரும்புவோர் வரப்பில் பறித்த மாதிரியைத் திருச்சி ரபினட் ஹெர்பேரியம் போன்ற ஓரிடத்தில் இனம் உறுதிசெய்து வைத்துவிட்டு, அதிலுள்ள ஃபில்லாந்தின் என்னும் சேர்மத்தின் அளவைக் குறித்து, டெனோஃபோவிரை நிறுத்தாமல் அதனுடன் கூட்டியே கொடுக்க வேண்டும். மாத்திரை தேவைப்படும் நோயாளியிடம் அதை நிறுத்தச் சொல்லும் திட்டம் எதையும் நெறிமுறைக் குழு வாசலிலேயே திருப்பியனுப்ப வேண்டும். தொடர்பதிவு வந்தபின் சோதனைக்கு வரிசையில் நிற்கப்போகும் மருந்துகள் பல. மேற்சொன்ன மறுசோதனைகளைப் படித்தவன் என்ற முறையில், அந்த வரிசையில் கீழாநெல்லிக்கு நான் முன்னிடம் தரமாட்டேன்.