தலைமன்னார் ரயில் பாதையும் சைக்கிள் பயணமும்

தலைமன்னார் ரயில் பாதை, இலங்கையின் மதவாச்சியில் வடக்குப் பாதையிலிருந்து பிரிந்து செட்டிகுளம், மடு ரோட், முருங்கன், மன்னார், பேசாலை வழியாகத் தலைமன்னார் இறங்குதுறையில் முடியும் 106 கி.மீ. நீள அகலப் பாதை. மலைநாட்டுப் பாதையில் இருப்பதுபோல இதில் சுரங்கம் எதுவும் இல்லை. அருவியாற்றின் நீரைத் தேக்கும் கட்டுக்கரைக்குளத்து வயல்வெளியைக் கடந்தால் தரவை, உவர்நிலம், கடல்.

பாம்பன் பாலம் திறக்கப்பட்ட 1914ஆம் ஆண்டிலேயே இப்பாதையும் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு மறுபடி ரயில் என்ற இந்தத் தொடர் பயணத்தைத்தான் 'போட் மெயில்' என்றார்கள். இதை வெறும் போக்குவரத்துக் கதையாகச் சொல்லிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழகத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டவர்கள் ஏராளம். அவர்களுக்குப் பின் வந்த தலைமுறைக்குத்தான் ரயில் கிடைத்தது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பும் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபரில் கையெழுத்தான பின், அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதே பாதையால் தலைமன்னாருக்கு வந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் முன்பின் பார்த்திராத நாடு அது. முன்பு கப்பல் போய்வந்த தனுஷ்கோடியை அதே 1964 டிசம்பர்ப் புயல் அழித்திருந்தது.

போரினால் கப்பல் நின்றது; 1990இல் ரயிலும் நின்றது. நியூசிலாந்தின் ஒட்டாகோ மத்திய ரயில் பாதை மூடப்பட்டதும் அதே 1990இல்தான். அங்கே தண்டவாளங்களைக் கழற்றி, ஆற்றோரமாகவும் பழைய சுரங்கங்களுக்குள்ளாகவும் செல்லும் 152 கி.மீ. சைக்கிள் பாதையை 2000இல் திறந்தார்கள். மன்னாரில் பாலம் தகர்ந்து, பாதை காடு மண்டிக் கிடந்தது. வடக்கில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போன காலம் அது. இந்தியக் கடனுதவியுடன் இர்கான் நிறுவனம் பாதையை மீண்டும் அமைக்க, 2013இல் மடு ரோட் வரையும் 2015 மார்ச் 14இல் தலைமன்னார் வரையும் ரயில் திரும்பியது. இடம்பெயர்ந்து மீண்ட மக்களுக்குச் சைக்கிள் பாதையைவிட ரயிலே முதல் தேவையாக இருந்தது. அந்த முடிவு சரியானதே.

ஆகவே இங்கே சைக்கிளில் போகிறவர் தண்டவாளத்தை ஒட்டிய ஏ-14 வீதியில்தான் போக வேண்டும். பெருநிலத்தையும் மன்னார்த் தீவையும் இணைக்கும் தாம்போதியில் ஜப்பானிய உதவியில் கட்டப்பட்டு 2010இல் திறந்த பாலம் இருக்கிறது. வாடைக்காலத்தில் இதன் இருபக்கச் சேற்றுநிலத்திலும் பூநாரைகள் மேயும். மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கி.மீ. மேடே இல்லாத வழி என்றாலும் எளிதான வழியல்ல. தீவு வடமேற்காக நீண்டு கிடப்பதால், மே முதல் செப்டெம்பர் வரை சோளகக் காற்று இடது விலாவில் அறைந்துகொண்டே இருக்கும். கைப்பிடியைக் காற்றுப் பக்கம் சற்றே சாய்த்துப் பிடித்தபடிதான் மிதிக்க வேண்டும். அந்தக் காற்றை நம்பியே தென்கரையில் தம்பபவனி காற்றாலையின் 30 கோபுரங்கள் நிற்கின்றன. பனங்கூடல் வந்தால் கொஞ்சம் ஆறுதல். பேசாலையை நெருங்கும்போது கருவாட்டு வாடை. வீதியின் நடுவில் நிற்கும் கழுதைகள் மணியடித்தாலும் விலகா. இறங்கி உருட்டிக்கொண்டு போவதே நல்லது. தண்ணீர் போத்தலை மன்னாரிலேயே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

வீதி முடியும் இடத்தில் வெளிச்சவீடும் சிதைந்த பழைய இறங்குதுறையும் உள்ளன. எதிர்க்கரையில் தனுஷ்கோடியின் அரிச்சல்முனை வரை 2017இல் சாலை திறக்கப்பட்டதால், போட் மெயிலின் இரு கடல்முனைகளுக்கும் இன்று சைக்கிளில் போய்விடலாம். இடைக்கடலைக் கடக்கத்தான் கப்பல் இல்லை. 2023 அக்டோபரில் இந்தியாவுக்கும் வட இலங்கைக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கியபோது, அது நாகபட்டினம் - காங்கேசன்துறை வழியில் விடப்பட்டது.