காற்றில் ஓர் ஓலை



நம் கோயில்களில் ஞாயிறு திருப்பலியின் முடிவில் திருமண ஓலை வாசிக்கிறோம். இன்னாருடைய மகனுக்கும் இன்ன பங்கைச் சேர்ந்த இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று மூன்று முறை அறிவிக்கிறோம். அந்த நேரத்தில் பாதிப்பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள், அது வேறு. ஆனால் அந்த ஓலைக்கு நெடிய வரலாறு உண்டு. 1215-இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம், திருமணத்தை முன்கூட்டியே கோயிலில் அறிவிக்க வேண்டும் என்றது. 1563-இல் திரிதெந்து பொதுச்சங்கம், தொடர்ந்து வரும் மூன்று திருநாள்களில் அறிவிக்க வேண்டும் என்று திட்டமாகச் சொன்னது. காரணம், ஒருத்தியை மறைவில் மணந்து, அவளைக் கைவிட்டு, இன்னொருத்தியை ஊரறிய மணந்தவர்கள் இருந்தார்கள். ஆக, ஓலை என்பது மணவீட்டாரின் பெருமைக்காக ஏற்பட்டதல்ல. ஏமாற்றப்படக்கூடிய ஒருத்தியைக் காக்க ஏற்பட்டது. யாரும் அதற்குக் காசு கொடுப்பதில்லை. யாரையும் அது புகழ்வதும் இல்லை.

வானொலியில் பொதுநல அறிவிப்பு என்கிறார்களே, அதுவும் ஏறக்குறைய இந்த ஓலைதான். இதை இப்போது பேசக் காரணம் உண்டு. பொத்தேரியில் எஸ்.ஆர்.எம். வளாகத்தைச் சார்ந்து ‘முத்துச்சரம்’ என்ற சமுதாய வானொலி இருக்கிறது. இத்தகைய கல்லூரி வானொலிகளுக்கு நம் அறிவிப்புகளைக் கொடுக்கலாமா, எப்படி எழுதிக் கொடுப்பது என்று அன்பியக் கூட்டங்களில் கேட்கிறார்கள். எழுதும் முன், அந்த ஒலிபெருக்கி நம் கைக்கு எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது.

சென்னையில் வானொலியைத் தொடங்கியது அரசாங்கமும் அல்ல, வியாபாரிகளும் அல்ல. 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியும் அவருடைய நண்பர்களும் சேர்ந்து சென்னை மாகாண ரேடியோ கிளப் என்ற சங்கத்தை அமைத்தார்கள். அந்த ஆண்டு ஜூலை மாதம் 40 வாட் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு ஒலிபரப்பினார்கள். இலாப நோக்கம் இல்லை. ஆகவே பணமும் இல்லை. 1927-இல் சங்கம் நின்றுபோயிற்று. கருவியை என்ன செய்வது? சென்னை மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள். 1930 ஏப்ரல் முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. ரேடியோ பெட்டி வாங்க முடியாதவர்களும் கேட்கட்டும் என்று கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். பெட்டி இல்லாதவனை நினைத்துச் செய்த அந்தச் செயல் நமக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1938 ஜூனில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தபோது மாநகராட்சியின் பணி முடிந்தது.

அதன்பிறகு வானொலி என்றால் அரசாங்கம் என்றாகிவிட்டது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின்படி ஒலிபரப்பும் உரிமை மத்திய அரசின் கையில் இருந்தது. ரேடியோ பெட்டிக்கே அஞ்சலகத்தில் லைசென்ஸ் கட்டிய காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நல்ல நிகழ்ச்சிகள் வந்தன; காணாமல் போனவர்களைப் பற்றிய அறிவிப்புகள் வந்தன. ஆனால் கூடுவாஞ்சேரியில் நாளை தண்ணீர் வராது என்பதைச் சொல்ல மாநிலம் முழுவதற்குமான ஒரு நிலையத்துக்கு நேரம் ஏது?

1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. வழக்கு என்னவோ கிரிக்கெட் ஆட்டத்தை யார் ஒளிபரப்புவது என்பது பற்றி. ஆனால் நீதிபதிகள் சொன்னது கிரிக்கெட்டைத் தாண்டியது: வானலைகள் பொதுச் சொத்து என்றார்கள். அதன்பின் ஏழாண்டுகள் கழித்து, 2002 டிசம்பரில், கல்வி நிறுவனங்கள் சிறு வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு இசைந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் ‘அண்ணா எஃப்.எம்.’ தொடங்கியது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி நம் சென்னையில்தான். 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் நிலையங்களுக்கும் கதவு திறந்தது.

அந்த 2006 விதிகளைக் கவனித்தால் அறிவிப்பு எழுதுவது எப்படி என்பது தானே விளங்கும். கருவியின் ஆற்றல் பொதுவாக 100 வாட்; கோபுரம் 30 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதாவது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் அதிகம். நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்த ஊரிலேயே உருவாக வேண்டும். விளம்பரத்துக்கு மணிக்கு ஐந்து நிமிடம்தான் தந்தார்கள்; பிறகு அந்த அளவைக் கூட்டினார்கள். இலாபத்துக்கு நடத்தக்கூடாது, சொந்தமாகச் செய்தி வாசிக்கக்கூடாது. ஒலிப்பதிவைச் சிறிது காலம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்றும் உண்டு. யாராவது முறையிட்டால் எடுத்துக் காட்டவேண்டுமே.

இந்தச் சிறிய வட்டத்துக்குள் என்ன பெரிய காரியம் நடந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு 2015-ஐ நினைவூட்டுவோம். டிசம்பர் முதல் நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் நின்றன. மின்சாரம் போனது, கைபேசி ஓய்ந்தது. சென்னையில் வெள்ளம் என்ற செய்தி உலகத்துக்கே தெரிந்தது. எந்தத் தெருவில் நடந்து போகலாம், எந்தப் பள்ளிக்கூடத்தில் சோறு கிடைக்கும், பால் பவுடர் எங்கே என்பது அடுத்த தெருக்காரருக்குத் தெரியவில்லை. பேட்டரியில் ஓடும் ஒரு பழைய டிரான்சிஸ்டருக்கு அப்படிப்பட்ட நாளில்தான் மதிப்பு. இராமேசுவரம் தீவில் பாம்பன் மீனவர்களுக்காக 2016-இல் தொடங்கிய ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி, காற்றையும் கடலின் நிலையையும் கரையோர மக்களுக்குச் சொல்லி வருகிறது. கரையில் காத்திருக்கும் ஒரு தாய்க்கு அதைவிட வேண்டிய செய்தி எது?

சரி, நாம் எழுதுவது எப்படி இருக்கிறது? வழக்கமாக நம் சபைகள் தயாரிக்கும் அறிவிப்பு இப்படித் தொடங்கும்: மேதகு ஆயர் அவர்களின் ஆசியோடும், அருள்தந்தை அவர்களின் வழிகாட்டுதலோடும், இன்னின்ன பெரியோர் முன்னிலையில், மாபெரும் இலவசக் கண் சிகிச்சை முகாம் வெகு விமரிசையாக... வானொலியில் அரை நிமிடத்துக்கு நிதானமாக வாசித்தால் ஐம்பது சொற்கள்தான் கொள்ளும். ஆசியும் முன்னிலையும் அதில் பாதியைத் தின்றுவிட்டன. சர்க்கரை நோயால் பார்வை மங்கிவரும் மறைமலைநகர்ப் பாட்டிக்கு முகாம் எங்கே என்பது இன்னும் தெரியாது. ஆயர் பெயர் இல்லாவிட்டால் அவர் வருத்தப்படமாட்டார், நாம் பொறுப்பு.

‘நம் கோயிலில்’ என்று எழுதுகிறோம். நமக்குத் தெரியும், கேட்பவருக்கு? எந்தப் பஸ் நிறுத்தம், ரயில் நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லவேண்டும். ‘நாளை’, ‘வருகிற ஞாயிறு’ என்று எழுதக்கூடாது. ஒரே அறிவிப்பைப் பல நாள் வாசிப்பார்கள், ஆகவே தேதியும் கிழமையும் வேண்டும். விசாரிக்க ஒரு தொலைபேசி எண், அதை எடுக்க ஓர் ஆள். வாசிப்பவர் பெரும்பாலும் மாணவர். ஊர்ப் பெயர்களையும் ஆள் பெயர்களையும் தெளிவான தமிழ் எழுத்தில் கொடுங்கள், அந்தப் பிள்ளை மைக் முன்னால் தடுமாற வேண்டாம். இரண்டு வாரத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். தேர்வுக் காலத்தில் நிலையத்தில் ஆள் குறைவாக இருக்கக்கூடும். முகாம் தள்ளிப்போனால் அன்றே நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், அடுத்த முறை எந்த அறிவிப்பையும் நம்பமாட்டார்.

இன்னொன்று. கோயில் என்று கேட்டதும், அது நமக்கில்லை என்று பிற சமயத்துச் சகோதரர்கள் ரேடியோவைக் கேட்டும் கேளாமல் இருந்துவிடுவார்கள். எல்லா மதத்தினரும் வரலாம், கட்டணம் இல்லை என்ற வரியைக் கடைசியில் அல்ல, இரண்டாவது வாக்கியத்திலேயே வைக்க வேண்டும். அந்த அரை நிமிடம் நமக்குக் கொடுக்கப்பட்டதே அவர்களுக்காகத்தான். நம் தேர்த்திருவிழா, அசன விருந்து, நிதி திரட்டும் குலுக்கல் ஆகியவற்றைப் பீடத்திலிருந்து அறிவிப்போம், சுவரொட்டி ஒட்டுவோம். பொதுச் சொத்தான அலையில் அவற்றைத் திணிக்க வேண்டாம்.

வின்சென்ட் தே பவுல் சபையார் தங்கள் கண் முகாம் அறிவிப்பை இந்த வாரம் திருத்தி எழுதியிருக்கிறார்கள். பதினோரு பெயர்கள் இருந்தன. ஒன்றும் இப்போது இல்லை. அந்த இடத்தில், சர்க்கரை நோயாளிகள் காலை உணவை உண்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மருந்துச் சீட்டோடு வரவும் என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறது. பங்கு அலுவலகத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் கடிகாரம் பார்த்தார். இருபத்தெட்டு விநாடி. நாளை அது பொத்தேரிக்குப் போகிறது.