கைத்தொலைபேசி அலைகளும் பாதுகாப்பு வரம்பு பிறந்த வரலாறும்

‘கைத்தொலைபேசியின் அலைகள் பிள்ளைகளின் மூளையைப் பாதிக்குமா?’ பெற்றோர் பலரும் ஆசிரியர்களிடம் எழுப்பும் வினா இது. ஒரு சாரார் அளவுக்கு மீறி அஞ்சுகின்றனர். மறுசாரார், ‘அதற்குத்தான் பாதுகாப்பு வரம்பு இருக்கிறதே’ என்று கவலையற்று இருக்கின்றனர். அந்த வரம்பு எவ்வாறு பிறந்தது என்பதை இரு சாராரும் அறிந்துகொள்வது நலம்.

ரேடார் காலத்து எண்

இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் கருவிகள் பெருகின. அவற்றின் அருகே பணிபுரிந்தோரின் உடல்நலம் குறித்து ஐயம் எழுந்தது. 1953ஆம் ஆண்டில் ஹெர்மன் ஷ்வான் என்னும் அறிஞர், சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிவாட் என்ற வரம்பை அமெரிக்கக் கடற்படைக்குப் பரிந்துரைத்தார். உடல் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்ற கணக்கே அதற்கு அடிப்படை. சோவியத் நாடோ 1958இல் அதனினும் ஆயிரம் மடங்கு குறைந்த வரம்பை வகுத்தது. அறிவியல் ஒன்றாயினும் வரம்பு வேறுபட்டது. எதைத் தீங்கு எனக் கொள்வது என்பதில் அன்றே கருத்து வேற்றுமை இருந்தது.

4 எவ்வாறு 0.08 ஆயிற்று?

பின்னர், உடல் உண்மையில் எவ்வளவு ஆற்றலை உள்வாங்குகிறது என்பதை அளக்கத் தொடங்கினர். இதனை ‘எஸ்.ஏ.ஆர்.’ என்பர். கிலோகிராமுக்கு ஏறத்தாழ 4 வாட் அளவில் உடல் சூடேறி, பயிற்சி பெற்ற விலங்குகள் தம் வேலையைத் தொடராமல் நின்றுவிடுவதை ஆய்வாளர்கள் கண்டனர். அதைப் பத்தால் வகுத்து 0.4 என 1982ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரநிலை அமைந்தது. 1998இல் அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான அனைத்துலக ஆணையம், பொதுமக்களுக்கு அதனை ஐம்பதால் வகுத்து 0.08 ஆக்கியது. குழந்தைகள், முதியோர், நோயாளிகள் யாவரையும் கருதியே இந்த இடைவெளி விடப்பட்டது.

காதருகே வந்த அலை

1973 ஏப்ரல் 3ஆம் நாள் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் நகரில் முதல் கைத்தொலைபேசி அழைப்பை மேற்கொண்டார். முழு உடலுக்கான வரம்பு மட்டும் இதற்குப் போதாது. கைத்தொலைபேசியின் ஆற்றல் தலையின் ஒரு பகுதியிலேயே குவிகிறது. ஆதலால் 1996இல் அமெரிக்கா ஒரு கிராம் திசுவின் சராசரியில் கிலோகிராமுக்கு 1.6 வாட் என விதித்தது. 1998ஆம் ஆண்டின் அனைத்துலக நெறி பத்து கிராம் திசுவின் சராசரியில் 2 வாட் என்றது. 2020இல் அந்நெறி புதுப்பிக்கப்பட்டபோதும் தலைக்கான இவ்வரம்பு மாறவில்லை.

பிள்ளைகளைப் பற்றி

2000ஆம் ஆண்டில் பிரிட்டனில் வில்லியம் ஸ்டூவர்ட் தலைமையிலான குழு, பிள்ளைகள் தேவையின்றிக் கைத்தொலைபேசியில் பேசுவதைத் தவிர்க்க ஊக்குவிக்க வேண்டும் என்றது. வளரும் நரம்பு மண்டலமும், வாழ்நாள் முழுதும் தொடரும் பயன்பாடும் அக்குழு காட்டிய காரணங்களுள் சில. தீங்கு மெய்ப்பிக்கப்பட்டதால் அன்று. முன்னெச்சரிக்கையாகவே அவ்வாறு கூறியது. 2011இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இவ்வலைகளைப் ‘புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பு இருக்கக்கூடும்’ என்ற பிரிவில் சேர்த்தது. மெய்ப்பிக்கப்பட்டவை இடம்பெறும் பிரிவு வேறு. உலகச் சுகாதார நிறுவனத்திற்காக மேற்கொள்ளப்பட்டு 2024இல் வெளிவந்த விரிவான மீளாய்வு, கைத்தொலைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை.

நாம் உணர வேண்டியது

பாதுகாப்பு வரம்பு என்பது, அதைத் தாண்டிய கணமே ஆபத்து தொடங்கும் கோடன்று. தீங்கு காணப்பட்ட அளவிலிருந்து வெகுதொலைவு பின்வாங்கி மனிதர் இட்ட வேலி அது. புதிய சான்று கிடைத்தால் வேலியை நகர்த்தலாம், நகர்த்தியும் இருக்கின்றனர்.

எனவே அச்சம் வேண்டா, அலட்சியமும் வேண்டா. நீண்ட நேரம் பேச நேர்ந்தால் ஒலிபெருக்கியையோ காதணிக் கருவியையோ பயன்படுத்தப் பழக்குவோம். கருவி தலையிலிருந்து சற்றே விலகினாலும் உள்வாங்கும் ஆற்றல் பெரிதும் குறையும். அலைத்தொடர்பு மிகக் குறைந்த இடத்தில் கருவி கூடுதல் ஆற்றலுடன் இயங்கும். அங்குப் பேச்சைச் சுருக்குவோம். பிள்ளைகள் ‘ஏன்?’ என்று கேட்டால், அதட்டி அடக்காமல் இவ்வரலாற்றையே கூறுவோம். காரணம் அறிந்த பிள்ளை தானே கவனமாக இருக்கும்.