சரிவுக்கு முன் மிகுந்த உழைப்பு

2000 ஆகஸ்டில் சூசன் புக்ஹைமரும் சக ஆய்வாளர்களும் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். நரம்பியல் குறை ஏதுமற்ற 30 பேர் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்தபடியே சொல்லிணைகளை மனனம் செய்து நினைவுகூர்ந்தனர். அவர்களுள் 16 பேர், அல்சைமர் நோய்க்கான இடரைக் கூட்டும் அபோ-ஈ4 மரபணு வடிவத்தைக் கொண்டவர்கள்.

நினைவுத் திறனில் இரு சாராரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. படங்கள்தாம் வேறுபட்டன: ஈ4 உடையோரின் ஹிப்போகாம்பசும் முன்நெற்றிப் பகுதியும் கூடுதலாக இயங்கின. நோயின் நிழல் விழுந்த மூளை மங்கியிருக்கும் என்று கருதுவதே இயல்பு. இங்கோ அது அதே விடையை எட்டக் கூடுதலாக உழைத்தது என்பதே ஆசிரியர்களின் விளக்கம். ஈராண்டு கழித்து 14 பேரை மீண்டும் சோதித்தபோது, தொடக்கத்தில் மூளை மிகுதியாக இயங்கியோரிடமே நினைவுச் சரிவும் மிகுந்திருந்தது.

ஆயினும் 14 பேர் என்பது ஒரு திண்ணைக் கூட்டம். 2003-இல் பி.டி.என்.எஃப். மரபணுவின் ஒற்றை அமினோ அமில மாற்றத்தை நினைவுடன் இணைத்த ஆய்வு பெரும்புகழ் பெற்றது. பின்வந்த ஆய்வுகள் அதனை ஒருமித்து உறுதிசெய்யவில்லை. 2012-இல் எனிக்மா கூட்டமைப்பு 20,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டியது. அதில் ஹிப்போகாம்பசுடன் தொடர்புற்றதாக உறுதிப்பட்ட மரபு வேறுபாட்டின் விளைவு, அவ்வுறுப்பின் பருமனில் ஏறத்தாழ ஒரு விழுக்காடே.